பருப்பு வேகும் தண்ணீர்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லிஃப்டில் தனியாக ஏறமாட்டேன். குக்கர் விசில் அடிக்கப்போகிறது என்று தெரிந்தால் சமையலறையை விட்டு வெளியே வந்து நிற்பேன். கல்யாணமான புதிதில் என் கணவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கிண்டல் செய்வார். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த வேலை, செடிகளைப் பயமுறுத்துவது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வல்லாரையை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். வல்லாரையில் புண்ணை ஆற்றும் சத்து ஒன்று இருக்கிறது. மருந்து செய்கிறவர்களுக்கு அது நிறைய வேண்டும், செடியோ கஞ்சத்தனமாகத்தான் தரும். நிம்மதியாக வளர்கிற செடிக்கு மருந்து எதற்கு? பூச்சி கடித்தால், வெயில் சுட்டால், வேரில் வேண்டாதது பட்டால்தான் தன்னைக் காத்துக்கொள்ள அதைக் கூடுதலாகச் சுரக்கும். அதனால் நாங்கள் கண்ணாடி பாட்டிலுக்குள், மண் இல்லாமல், ஜெல்லி மாதிரியான சத்துக் கூழில் சின்னச் சின்னத் தளிர்களை வளர்த்து, அந்தக் கூழில் துத்தநாகத்தின் நானோ துகள்களைக் கொஞ்சம் கலப்போம். செடி பயந்துபோய் மருந்தைச் சுரக்கும். துகள் கொஞ்சம் அதிகமானால் செத்தே போகும். சாகவும் கூடாது, சாவு வந்துவிட்டது என்று செடி நம்பவும் வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு.

நானோ துகள் என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டப்பாவில் கோடிக்கணக்கில் சேர்ந்திருக்கும்போது வெள்ளைப் பொடியாகத் தெரியும். முகப் பவுடரைவிட நைசு. மூடியைத் திறந்துவிட்டுப் பெருமூச்சு விட்டால் போதும், கிளம்பிவிடும். முகமூடி, கையுறை, மூடிய கண்ணாடிப் பெட்டி எல்லாம் உண்டு. எனக்குக் குழந்தை உண்டானது தெரியும்வரை அவையெல்லாம் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

தெரிந்த பிறகு தூக்கம் போயிற்று. செடியின் செல்லுக்குள் நுழைகிற துகள் என் மூக்குக்குள் நுழையாதா? நுழைந்தால் எங்கே போய் நிற்கும்? கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். எலிக்கு அப்படியாம், மீனுக்கு இப்படியாம், மனிதர்களைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லையாம். பயந்தவளுக்கு 'இன்னும் தெரியவில்லை' என்பதைவிடக் கெட்ட செய்தி கிடையாது.

என் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு கருக்கள் தங்கவில்லை. இரண்டாவது முறை எனக்கு நினைவிருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். குழந்தைக்கென்று எடுத்துப்போன பழைய புடவைத் துண்டுகள் மடித்தபடியே பையில் திரும்பி வந்தன. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள். அப்போதெல்லாம் காலால் மிதிக்கும் மெஷின். மெஷின் மிதித்து மிதித்தே கலைத்துவிட்டாள் என்று அப்பா வீட்டுப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். உடம்பு தேறியதும் அம்மா கம்பெனியில் கேட்டு, தையலை விட்டுவிட்டுப் பசை ஒட்டுகிற மேசைக்கு மாறிக்கொண்டாள். அதற்குச் சம்பளம் கம்மி.

அம்மாவுக்குத் தங்காதது எனக்குத் தங்குமா என்ற கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வாந்தி ஒரு நாள் நின்றால் பயம், நிற்காவிட்டாலும் பயம். கடைசியில் என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியையிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் வாழ்த்துச் சொன்னார், பிறகு நான் ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று திட்டினார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தான் செய்யும் என்று என் வயிற்றைக் காட்டிச் சிரித்தார். இனி பொடி பக்கமே போகக்கூடாது, பாட்டிலை விட்டு வெளியே எடுத்த செடிகளைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

பாட்டிலுக்குள் வளர்ந்த செடி பெரிய வீட்டுப் பிள்ளை மாதிரி. வெளிக்காற்று பட்டால் வாடிவிடும். சின்னக் கப்புகளில் தென்னை நார்த்தூளைப் போட்டு நட்டு, பாலித்தீன் கவரால் மூடி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியுலகத்துக்குப் பழக்கவேண்டும். டாக்டர் என்னைக் கொஞ்ச காலம் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். நான் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தேன். செடிகளில் பாதியைக் கல்லூரி நிழல்வலைக் கூடத்திலேயே விட்டுவிட்டு மீதியை ஆம்பூருக்கு எடுத்துப்போகிறேன் என்றேன். மேடம் சம்மதித்தார். இரண்டு இடத்திலும் இரண்டு வகை இருந்தன. நானோ கொடுத்துப் பயமுறுத்திய செடிகள், ஒன்றுமே கொடுக்காத செடிகள். பின்னதை ஆய்வகத்தில் கன்ட்ரோல் என்போம், நான் சும்மா செடி என்பேன். சும்மா செடி இல்லாவிட்டால் மற்றதில் ஏற்பட்ட மாற்றம் எதனால் என்று சொல்லவே முடியாது.

பேருந்து மாதனூரைத் தாண்டியதுமே தோல் வாசனை வந்துவிட்டது. மசக்கைக்காரிக்குக் குமட்டவேண்டும், எனக்கு நிம்மதியாக இருந்தது. பொடியை விட்டுத் தப்பித்து அம்மாவிடம் வந்துவிட்டேன் என்று தோன்றியது. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தார். மடமடவென்று குடித்தேன்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், அதற்குமேல் சந்தேகம் இருந்தால் பருப்பைப் போட்டுப் பார்ப்பார்கள். தோல் கம்பெனிகளின் உப்புத் தண்ணீர் பல காலமாக நிலத்தில் இறங்கி, ஊரில் பல கிணறுகள் கெட்டுவிட்டன. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டால் எவ்வளவு விறகு எரித்தாலும் வேகாது. எங்கள் தெருவில் உப்படிக்காத கிணறு எங்களுடையது மட்டும்தான். அதில் பருப்பு பூப்போல வேகும். காலையில் தெருப் பெண்கள் சமையலுக்கு ஆளுக்கொரு குடம் எடுத்துப்போவார்கள். அப்பா ஒருநாளும் யாரையும் தடுத்ததில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அதுதான் நடந்தது. தண்ணீருக்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டதாக என் கணவர் இன்றும் சொல்வார்.

ஒரு மாதத்துக்குமேல் அங்கே இருந்தேன். அம்மா வேலைக்குப் போகும் முன் செடிகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டாள். நார்த்தூள், கப்பு, கவர் எல்லாம் கல்லூரியில் இருந்தவைதான். வல்லாரையைக் கண்டால் அம்மாவுக்குத் துவையல் ஞாபகம் வந்துவிடும் என்பதால், இது நானோ போட்ட செடி, விஷம் மாதிரி, ஒரு இலைகூடக் கிள்ளக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அவள் பயபக்தியோடு பார்த்துக்கொண்டாள். அப்படியும் பயமுறுத்திய செடிகள் ஓரம் கருகி ஒவ்வொன்றாகச் செத்தன. சும்மா செடிகள் மட்டும் நின்றன. நீதான் தண்ணீரை ஜாஸ்தியாக ஊற்றிவிட்டாய் என்று அம்மாவிடம் கத்தினேன். அப்படித்தான் இருக்கும் என்று அவள் ஒப்புக்கொண்டாள். எந்தக் குற்றத்தைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாலும் வாங்கிக்கொள்வது அம்மாவின் பழக்கம்.

வேலூர் திரும்பிய பிறகும் கடையில் வாங்கும் கேன் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாய் குடித்தாலே பிளாஸ்டிக் வாடை அடித்து வாந்தி வந்தது. என் கணவர் வாராவாரம் பைக்கில் ஆம்பூர் போய் கிணற்றுத் தண்ணீரை வெள்ளைக் கேனில் கொண்டுவந்தார். அதை மட்டும்தான் குடித்தேன். ஆய்வகத்துக்கும் ஒரு பாட்டிலில் எடுத்துப்போவேன்.

இரண்டு இடத்துச் செடிகளிலும் மிஞ்சியவற்றின் இலையைக் காயவைத்துச் சாறெடுத்துக் கருவியில் கொடுத்தோம். மருந்து எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்குத் திரையில் ஒரு கோடு மலை மாதிரி எழும். கல்லூரியில் வளர்ந்த சும்மா செடியில் சின்ன மேடு. கல்லூரியில் வளர்ந்த பயமுறுத்திய செடியில் நல்ல உயரம். எல்லாம் எதிர்பார்த்தபடிதான். பிறகு அம்மா வளர்த்த சும்மா செடியின் கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போயிற்று. பயமுறுத்திய செடியையும் தாண்டிக்கொண்டு நின்றது.

செடியின் பெயர்ச்சீட்டு மாறியிருக்கும் என்றார் மேடம். மாறவில்லை என்று எனக்குத் தெரியும். ஆம்பூரில் பயமுறுத்திய செடிகளைச் சிவப்புக் கப்பில் வைத்திருந்தேன், சும்மா செடிகளை வெள்ளைக் கப்பில். செத்ததெல்லாம் சிவப்புக் கப்பு. மறுபடி ஓட்டினோம், மறுபடியும் அதே மலை. ஒன்றும் கொடுக்காத செடி எதைக் கண்டு இப்படிப் பயந்தது? ஏற்கெனவே பயந்திருந்த செடி ஏன் செத்தது? கப்பு அதேதான், நார்த்தூள் அதேதான், வயது அதேதான். வெயில் வேலூருக்கும் ஆம்பூருக்கும் அப்படி என்ன வித்தியாசம்? வேறாக இருந்தது ஒன்றே ஒன்று. அதை யோசித்தபோது என் வாயில் அது இருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் தெரியாமல் நின்றேன். பிறகு ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினேன்.

என் பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரையே சோதனைக்குக் கொடுத்தேன். உலோகங்களை அளக்கிற கருவி இன்னொரு கட்டடத்தில் இருந்தது. முடிவு வரும்வரை நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் குழந்தை அசைந்தது. வழக்கமாக அது எனக்குச் சந்தோஷம். அன்று அது எதையோ தாங்கமுடியாமல் புரள்கிறது என்று தோன்றியது. இத்தனை நாளும் நான் அதற்கு எதை ஊட்டிக்கொண்டிருந்தேன்?

மேடம் கையில் தாளோடு இறங்கி வந்தார். என் வீட்டுத் தண்ணீர் என்று அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

"குரோமியம் இருக்கு. இருக்கக்கூடாத அளவுக்கு இருக்கு. இந்தத் தண்ணிய யாரு குடிக்கிறாங்க?"

என் வயிற்றின்மேல் இருந்த கையை அவர் பார்த்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

சும்மா செடியைப் பயமுறுத்தியதும், பயந்திருந்த செடியைக் கொன்றதும் தோல் பதனிடும் இந்தக் குரோமியம்தான். அது உப்புக் கரிக்காது. வாடை கிடையாது. பருப்பு வேகவிடாமல் தடுக்காது. எங்கள் தெருவுக்குப் பின்னால் எப்போதோ மூடிய தோல் கம்பெனியின் காலி நிலம் இருந்தது. அங்கிருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்று இன்றுவரை தெரியாது. உப்புக்குப் பயந்த ஊர், உப்பு இல்லாத தண்ணீரை நம்பியது. நான் படித்த படிப்பு வேறு, குடித்த தண்ணீர் வேறு என்று நானும் இருந்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத பொடிக்குப் பயந்து பேருந்தேறிப் போனவள் இதைச் சொம்பு சொம்பாகக் குடித்தேன்.

டாக்டர் உடனே ஸ்கேன் எடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இனி அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்றார். இதுவரை குடித்தது குழந்தையை என்ன செய்யும் என்று கேட்டேன். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம் என்றார். அந்த 'உம்' என்னை வீடுவரை துரத்தியது.

மறுநாள் ஆம்பூருக்குப் போனோம். வழக்கம்போல அப்பா சொம்போடு வாசலுக்கு வந்தார். நான் வாங்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அப்பா தோல் கம்பெனியில், தோலைக் குரோமில் ஊறவைத்துச் சுழற்றும் பீப்பாயில் வேலை செய்தவர். குரோமியத்தைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அது தின்ற தழும்புகள் அவர் விரல் இடுக்குகளில் இருந்தன. அப்படியும் அவர் நம்பவில்லை. குரோமில் போட்டு எடுத்த தோல் நீலமாக இருக்கும், அந்தத் தண்ணீரும் நீலமாக ஓடும், இது கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்றார். எல்லாக் குரோமும் நீலம் இல்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா பேசுற நீ? அதுல பருப்பு வேகுது. கெட்ட தண்ணியில பருப்பு வேகுமா?"

நான் அழுதுவிட்டேன். அப்பா சொம்பிலிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் அதை வாசலில் கொட்டினார். அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று அவள் ஒன்றுமே கேட்கவில்லை. நான் அதை அப்போது கவனிக்கவில்லை, எனக்கு என் வயிறுதான் உலகம்.

அடுத்த நாள் குடத்தோடு வந்த பெண்களிடம் மோட்டார் ரிப்பேர் என்று அப்பா சொன்னாராம். பிறகு மனசு கேட்காமல் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். சிலர் நம்பினார்கள். இத்தனை நாள் கொடுத்துவிட்டு இப்போது கொடுக்க மனசில்லாமல் கதை கட்டுகிறார் என்று ஒரு வீட்டில் சொன்னார்களாம். இதை அம்மா போனில் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகவேண்டிய மாதம் வந்தது. நான் போகவில்லை. வேலூரில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியிலேயே வளையல் போட்டார்கள். பெற்றவள் வீட்டுக்குப் போகாத பெண்ணை உறவுக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். தாய்க்கும் மகளுக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று கிசுகிசுத்தார்கள். அம்மா யாருக்கும் விளக்கம் சொல்லாமல் எல்லோருக்கும் கலந்த சாதம் பரிமாறினாள். கம்பெனியில் லீவு போட்டுவிட்டு என்னோடேயே தங்கிவிட்டாள்.

அந்தக் கடைசி மாதங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. சாப்பிட்டவுடன் இடதுபக்கம் படுத்துக் குழந்தை அசைகிறதா என்று பார்ப்பேன். அசையாவிட்டால் சர்க்கரைத் தண்ணீர் குடிப்பேன். அசைந்தால் ஏன் இவ்வளவு அசைகிறது என்று பயப்படுவேன். ஒருநாள் அம்மாவின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்து, இப்படி இருந்ததா, அந்த இரண்டு முறையும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்டுவிட்டேன். அம்மா கையை எடுத்துக்கொண்டாள். அதெல்லாம் இப்போது எதற்கு என்றாள்.

மகள் பிறந்தாள். முழுதாக, அழுதுகொண்டு, மூக்கும் விரலும் நகமுமாகப் பிறந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். நான் இன்னொரு டாக்டரிடமும் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அம்மா குழந்தையைக் குளிப்பாட்டினாள். குளியலறையில் மணையைப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, கால்களின் மேல் குழந்தையைக் கிடத்தியிருந்தாள். கடையில் வாங்கிய கேன் தண்ணீரைக் காய்ச்சி வாளியில் விளாவி வைத்திருந்தேன். குடிக்கத்தானே கூடாது, குளிக்க என்ன என்று அம்மா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான் துண்டோடு வாசலில் நின்றேன். குழந்தையின் தலையில் கையை அணையாக வைத்து, கண்ணில் படாமல் ஒரு குவளை ஊற்றினாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"ஏண்டி, ஒன்னு கேக்குறேன். அப்போ அது மெஷினு மிதிச்சதால இல்லியா?"

தங்காமல் போன அந்த இரண்டையும்தான் கேட்கிறாள். சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு அன்று ஒன்றும் கேட்காமல் நின்றவள், இத்தனை மாதமும் இதைத்தான் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறாள். தையலை விட்டுப் பசை மேசைக்குப் போன காலத்திலிருந்தே வைத்திருந்திருக்கிறாள். ஆய்வகத்தில் இரண்டு செடி இருக்கும், ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்வோம். கிணற்றுத் தண்ணீர் குடிக்காத இன்னொரு அம்மா எனக்கு இல்லை. எதனால் என்று இனி எந்தக் கருவியாலும் சொல்லமுடியாது. ஆனால் கேட்டதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும்.

"மெஷினால இல்லம்மா. மெஷினு மிதிச்சா எதுவும் ஆவாது."

அம்மா தலையாட்டினாள். குவளை கையிலேயே இருந்தது, குழந்தை குளிரில் சிணுங்கும்வரை அவள் அடுத்த தண்ணீரை ஊற்றவில்லை. பிறகு ஊற்றினாள். துண்டைக் கேட்டு வாங்கிக் குழந்தையைச் சுற்றி என்னிடம் கொடுத்தாள். அவள் முகம் நனைந்திருந்தது, குளியலறையில் எல்லோர் முகமும் நனைந்துதான் இருக்கும்.

என் மகள் இப்போது ஓடுகிறாள், பேசுகிறாள், என்னைவிடத் தைரியசாலி. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் இன்றும் எனக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகம் வருகிறது. அதைக்காட்டிலும் பெரிய பயம் ஒன்று உண்டு. மோட்டார் போடும்வரை கிணற்றிலிருந்து எங்களுக்கெல்லாம் தண்ணீர் இறைத்தது அம்மாவின் கை. தண்ணீராலா என்ற அடுத்த கேள்வியை அவள் இன்னும் கேட்கவில்லை. அவள் என்னைத் தனியாகக் கூப்பிடும்போதெல்லாம், இன்றைக்குத்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே போகிறேன்.